குளோன்ஃபர்ட் பேராலயம்: ஒரு வாசலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அயர்லாந்தின் நடுவே, ஷானன் நதிக்கு மேற்குக் கரையில், கால்வே கவுண்டியின் கிழக்கு ஓரத்தில் குளோன்ஃபர்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். சிதறிக் கிடக்கும் சில வீடுகள், மாடு மேயும் புல்வெளி, சுற்றிலும் கரிச் சதுப்பு, நடுவே ஒரு கல்லறைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்குள் நிற்கும் சிறிய கற்கட்டடம்தான் புனித பிரெண்டன் பேராலயம். டப்ளின் நகரத்துப் பேராலயங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் "இதுதானா?" என்று தோன்றும். ஆயரின் இருக்கை இருந்தால் அது பேராலயம். அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வருகிறவர்கள் பலர் காரை ஓரங்கட்டி, மேற்கு வாசலுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அயர்லாந்தில் ரோமனெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணிச் சிற்ப வேலையின் உச்சம் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்லும் வாசல் அது. அதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த ஒரு மணி நேரத்துக்கான ஏற்பாடு, மீதி அதை எப்படிச் செலவழிப்பது என்பது.

1. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

ஊருக்கு எப்படிப் போவது என்பதை அப்புறம் பார்க்கலாம். எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் முதல் கேள்வி. இடைக்காலத் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கில், தலைவாசல் மேற்கில். குளோன்ஃபர்ட்டும் அப்படித்தான். ஆகவே காலையில் போனால் வாசல் நிழலில் கிடக்கும், செதுக்கலின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. பிற்பகலில் வெயில் பக்கவாட்டாக விழத் தொடங்கும்போதுதான் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக எழுந்து வரும். ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும் என்பதால் அவசரமே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உட்புறம் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இது ஆங்கிலிக்கன் பிரிவைச் சேர்ந்த சர்ச் ஆஃப் அயர்லாந்து சபைக்குச் சொந்தமான, மிகச் சிறிய சபையோர் கூடும் ஆலயம். டிக்கெட் கவுண்டரோ வழிகாட்டியோ கிடையாது. மறைமாவட்ட இணையதளத்தில் தொடர்பு விவரம் பார்த்து, போவதற்குச் சில நாள் முன்பே கேட்டுவிடுவது நல்லது. என் யோசனை இது: கோடையில் பிற்பகல் மூன்று மணிவாக்கில் போய்ச் சேருங்கள். முதலில் உள்ளே பாருங்கள். அப்புறம் வெளியே வந்து வெயில் சாயும்வரை வாசலோடு இருங்கள். கதவு பூட்டியிருந்தாலும் பயணம் வீண் இல்லை. பார்க்க வேண்டிய முக்கியமான பொருள் வெளியேதான் இருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஷானனும் கரை மீறி, ஓரத்துப் புல்வெளிகளையெல்லாம் ஏரியாக்கிவிடும். அந்த வெள்ளக் காட்சி அழகுதான், ஆனால் முதல்முறை வருகிறவர்களுக்கு அது வேண்டாம்.

2. தவறான பேராலயத்துக்குப் போகாமல் இருக்க

ஜிபிஎஸ்ஸில் "புனித பிரெண்டன் பேராலயம்" என்று மட்டும் தேடினால் லாக்ரே என்ற ஊருக்குக் கொண்டுபோய்விட வாய்ப்பு அதிகம். அதுவும் குளோன்ஃபர்ட் மறைமாவட்டத்தின் பேராலயம்தான், ஆனால் கத்தோலிக்கருடையது. 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பழைய ஆலயம் ஆங்கிலிக்கன் சபையின் கைக்குப் போனது. கத்தோலிக்க ஆயருக்குப் புதிய பேராலயம் லாக்ரேயில் எழுந்தது. 1897இல் வேலை தொடங்கினார்கள். ஒரே புனிதர் பெயரில், ஒரே மறைமாவட்டப் பெயரில், இரண்டு ஊரில் இரண்டு பேராலயம். ஆகவே ஊர்ப் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். கால்வே கவுண்டி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கார்க் கவுண்டியிலும் குளோன்ஃபர்ட் என்ற பெயரில் ஒரு இடம் உண்டு.

லாக்ரே பேராலயம் தனியாக ஒரு நாளுக்குத் தகுதியானது. அங்குள்ள வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் 20ஆம் நூற்றாண்டு ஐரிஷ் கலைக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஆனால் இரண்டையும் ஒரே பிற்பகலில் திணிக்காதீர்கள்.

3. விசா, கார், சாலை

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஐரிஷ் விசா தனியாக வேண்டும். பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று குறிக்கப்பட்ட பிரிட்டன் விசிட் விசா இருந்தால் முதலில் பிரிட்டனில் இறங்கி, பிறகு அயர்லாந்துக்கு வரலாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் டிக்கெட் போடுவதற்கு முன் அரசுத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

குளோன்ஃபர்ட்டுக்கு ரயில் இல்லை. டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கால்வே போகும் ரயிலில் பாலினஸ்லோவில் இறங்கினால், அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். டாக்சி எடுப்பதானால் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். பேராலயத்து வாசலில் நின்று கைகாட்டி நிறுத்த வண்டி ஏதும் வராது.

கார்தான் சரியான வழி. அயர்லாந்திலும் இடதுபக்க ஓட்டம் என்பதால் நமக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. சுற்றுலாவாக வருகிறவர்கள் தங்கள் நாட்டு உரிமத்தை வைத்து ஓட்டலாம். சர்வதேச உரிமமும் கையில் இருந்தால் வாடகைக் கார் கவுண்டரில் வாக்குவாதம் மிச்சம். ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டப்ளினிலிருந்து எம்4, பிறகு எம்6 பிடித்து பாலினஸ்லோ வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அதுவரை பெருவழிச் சாலை. பாலினஸ்லோவுக்குள் போய் ஆர்355 சாலையில் தெற்கே திரும்பி லாரன்ஸ்டவுன் போங்கள். அங்கிருந்து உள்ளூர்ச் சாலைகள். விமான நிலையத்திலேயே கார் எடுத்தீர்கள் என்றால் எம்50 வளைவுச் சாலையில் ஒரு சுங்கம் வரும். அதில் தடுப்போ பூத்தோ இருக்காது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நீங்களாகப் பணம் கட்ட வேண்டும். எம்4இல் வருவது வழக்கமான பூத்.

உள்ளூர்ச் சாலைகளில் இரண்டு விஷயம். கிராமப்புறச் சிறு சாலைகளின் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80இலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். நடைமுறையில் பல இடங்களில் 60 கூட அதிகம். இந்தப் பகுதிச் சாலைகள் சதுப்பின் மேல் போடப்பட்டவை, அடியில் கரி மண் அமுங்க அமுங்கச் சாலை அலைபோல ஏறி இறங்கும். எதிரே டிராக்டர் வந்தால் வயல் வாசலில் ஒதுங்கி வழிவிடுங்கள். எதிர் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அதுதான் இந்த ஊர் வணக்கம், நீங்களும் ஒரு விரல் உயர்த்தினால் போதும்.

சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தின்பண்டம், கழிப்பறை எல்லாவற்றையும் பாலினஸ்லோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாத காலணி அவசியம், கல்லறைத் தோட்டத்துப் புல் மழை இல்லாத நாளிலும் ஈரமாக இருக்கும். ஒரு பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துவாருங்கள். ஏன் என்று ஐந்தாவது படியில் தெரியும்.

4. வழியில் ஒரு சின்ன நிறுத்தம்

ஆர்355இல் பாலினஸ்லோவைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் குளோன்டஸ்கர்ட் துறவுமடத்தின் இடிபாடு. அகஸ்தீன் சபைத் துறவிகளுடையது. அதன் மேற்கு வாசல் 1471இல் வைத்தது. தராசு பிடித்த மிக்கேல் தூதர் மேலே நிற்கிறார், பக்கத்தில் ஒரு கடற்கன்னி இருக்கிறாள். அரை மணி நேரம் போதும். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுச் செதுக்கல் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், குளோன்ஃபர்ட் வாசலில் எது பழையது, எது பிறகு சேர்த்தது என்று நீங்களே பிரித்துப் பார்ப்பீர்கள்.

5. வாசலைப் படிப்பது

கேட்டைத் திறந்து உள்ளே போனதும் நேரே வாசலுக்கு ஓடாதீர்கள். இருபதடி தள்ளி நின்று மொத்த அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். கீழே உள்வாங்கிக்கொண்டே போகும் ஆறு அடுக்கு வளைவு. அதற்கு மேல் செங்குத்தாக எழும் முக்கோண முகப்பு. வாசலின் இரு பக்கமும் மேலே போகப் போக லேசாக உள்ளே சாய்வதைக் கவனியுங்கள். அயர்லாந்தின் ஆதிகாலத் தேவாலயங்களில் வாசல்கள் இப்படித்தான் சாய்ந்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து புதுப் பாணி வந்த பிறகும் இங்கிருந்த கல்தச்சர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இப்போது கிட்டே போங்கள். கீழிருந்து மேலே பார்ப்பதுதான் வசதி.

நிலைக்கால்களில் தொடங்குங்கள். பரப்பு முழுவதும் வேலைப்பாடு, வெறுமையாக விட்ட இடமே அரிது. அவற்றின் தலைப்பகுதியில் விலங்கு முகங்கள். வளைவுக்குப் போனால் ஒவ்வொரு அடுக்கும் வேறு மாதிரி. இலைக் கொடி ஓர் அடுக்கில், விலங்குத் தலைகள் இன்னொன்றில், பின்னல் கோலம், குமிழ் என்று மாறிக்கொண்டே போகும். ஒரே அடுக்கில் அடுத்தடுத்த கற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சடித்ததுபோல ஒன்றுபோல் இல்லாமல், கை வேலையின் சின்னச் சின்ன வேறுபாடுகள் தெரியும். எனக்கு இந்த வாசலில் மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்து, நிறத்தைப் பாருங்கள். வாசலின் பெரும்பகுதி பழுப்பேறிய மணற்கல். எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் அடுக்கு மட்டும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். 12ஆம் நூற்றாண்டு வாசலுக்குள் 15ஆம் நூற்றாண்டில் கைவைத்ததன் அடையாளம் அது. குளோன்டஸ்கர்ட்டில் பார்த்த கையின் சாயல் இங்கே தெரிகிறதா என்று பாருங்கள். மணற்கல் செதுக்க இலகுவானது, அதனால்தான் இவ்வளவு நுணுக்கம் சாத்தியமாயிற்று. அதே காரணத்தால் மழையிலும் பனியிலும் அது சீக்கிரம் உதிர்கிறது. உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இந்தப் பேராலயமும் இருந்தது. எனவே ஆசையாக இருந்தாலும் தடவிப் பார்க்க வேண்டாம். குழந்தைகளைத் தூக்கி ஒரு தலையைத் தொடச் சொல்லிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

இனி பைனாகுலர். முக்கோண முகப்பின் கீழ்ப்பகுதியில் சிறிய வளைவுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மனிதத் தலை. அதற்கு மேல் முக்கோணங்களும் தலைகளும் மாறி மாறி உச்சிவரை அடுக்கப்பட்டிருக்கின்றன. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே முகம்போலத் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் ஒவ்வொருவரும் வேறு ஆள். யார் இவர்கள் என்று பல விளக்கங்கள் உண்டு, புனிதர்கள் என்பார்கள், கிறிஸ்தவத்துக்கு முந்தைய கெல்டியத் தலை வழிபாட்டின் மிச்சம் என்றும் சொல்வார்கள். இரண்டாவது விளக்கம் சுற்றுலா எழுத்தில் ரொம்பப் பிரபலம், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரோமனெஸ்க் காலத்துச் சிற்பிகள் ஐரோப்பா முழுவதும் தலைகளைச் செதுக்கித் தள்ளியவர்கள்.

இத்தனை உழைப்பு இந்த ஆளரவமற்ற இடத்தில் எதற்கு என்ற கேள்வி அங்கே நிற்கும்போது கட்டாயம் வரும். விடை கிழக்கே ஓடுகிறது: ஷானன். சாலைகள் இல்லாத, சதுப்பு நிறைந்த நாட்டில் நதிதான் நெடுஞ்சாலை. கெர்ரியில் பிறந்து கடலோடி என்று பெயர் வாங்கிய பிரெண்டன் 6ஆம் நூற்றாண்டில் இங்கே மடம் அமைத்தார். 563 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. அதே நதி வழியாகத்தான் வடக்கத்திக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகளும் வந்து கொளுத்தினார்கள். 1111இல் ரா ப்ரஸல் என்ற இடத்தில் கூடிய திருச்சபை மாமன்றம் அயர்லாந்தை மறைமாவட்டங்களாகப் பிரித்தபோது குளோன்ஃபர்ட்டும் ஆயர் இருக்கைகளில் ஒன்றானது. ஆயருக்கு ஏற்ற வாசல் வேண்டாமா? 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு ஒரு பல்கலைக்கழகம் தேவை என்று பேச்சு எழுந்தபோது குளோன்ஃபர்ட்டின் பெயரும் அடிபட்டது. கடைசியில் 1592இல் டப்ளினில் டிரினிட்டி கல்லூரி வந்தது.

6. உள்ளே

செருப்பைக் கழற்ற வேண்டாம். தொப்பியை எடுத்துவிடுங்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஆராதனை நடந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து கலந்துகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்களுக்கு வழிபாட்டு முறை ஓரளவு பழக்கமாகவே இருக்கும், இரண்டும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை. காணிக்கைப் பெட்டி இருந்தால் சில யூரோ போடுங்கள். இவ்வளவு சிறிய சபை இவ்வளவு பழைய கூரையைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை.

பார்க்க வேண்டியவை மூன்று. நுழைந்ததும் தலைக்கு மேல் கோபுரத்தைத் தாங்கும் வளைவுகளில் 15ஆம் நூற்றாண்டுத் தலைகள். பிறகு பலிபீடப் பகுதிக்கு முன்னால் உள்ள பெரிய வளைவு, இதுவும் 15ஆம் நூற்றாண்டு. அதன் கற்களில் தேவதூதர்களையும் ஒரு ரோஜா வடிவத்தையும் தாண்டித் தேடினால், கையில் கண்ணாடி பிடித்த கடற்கன்னி கிடைப்பாள். இடைக்காலத்தில் அவள் அகந்தைக்கும் மயக்கத்துக்கும் அடையாளம், சபையோருக்கான எச்சரிக்கை. ஆனால் கடலோடிப் புனிதரின் ஆலயத்தில் அவளை எச்சரிக்கையாக மட்டும் பார்க்க மனசு வரவில்லை. தீவு என்று எண்ணித் திமிங்கிலத்தின் முதுகில் இறங்கிய பிரெண்டன் கதை அப்போது ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. அந்தக் கதையில் வரும் பயணம் நடக்கக்கூடியதுதானா என்று பார்க்க, பயண எழுத்தாளர் டிம் செவரின் 1976-77இல் தோல் போர்த்திய படகொன்றில் கெர்ரியிலிருந்து கிளம்பி நியூஃபவுண்ட்லாந்துவரை போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது, கிழக்குச் சுவரின் ஜன்னல்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஒல்லியான, அமைதியான, கச்சிதமான கல் வேலை. வாசலின் ஆரவாரத்துக்குப் பிறகு இவற்றை அவசரமாகக் கடந்துவிடத் தோன்றும், வேண்டாம்.

7. வெளியே சுற்றி

கட்டடத்தை ஒரு சுற்று வாருங்கள். பக்கவாட்டில் நீளும் தெற்குச் சிறகு கூரையில்லாத இடிபாடு. வடக்கே இருந்த சிறகு இப்போது இல்லை. பிரெண்டன் 577 வாக்கில் இறந்து இங்கேயே அடக்கமானார் என்பது மரபு. மேற்கு வாசலுக்கு அருகே தரையில் இருக்கும் பழைய கற்பலகையை அவருடைய கல்லறை என்று காட்டுவார்கள். சுற்றியுள்ள கல்லறைகளில் இன்றைய குடும்பங்களுடையவையும் உண்டு. அவற்றின் மேல் ஏறி நின்று கோணம் பார்க்காதீர்கள்.

பக்கத்தில் யூ மரங்கள் நிழல் விரிக்கும் பழைய நடைபாதை ஒன்று இருக்கிறது. குழந்தைகளோடு போனால் கவனம்: யூ மரத்தின் இலையும் விதையும் கடும் விஷம், சிவந்த பழத்தைப் பார்த்து வாயில் போட்டுவிடக் கூடாது. அங்கே வேண்டுதல் மரம் ஒன்றும் உண்டு. துணித் துண்டுகள், ஜெபமாலைகள், குழந்தைகளின் சின்னப் பொருள்கள் அதில் தொங்கும். தொட்டில் கட்டிய ஆலமரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டத் தோன்றினால் மட்கிப்போகும் பருத்தித் துணியாகக் கட்டுங்கள், பட்டையில் நாணயம் அடிக்க வேண்டாம். மற்றவர்கள் தொங்கவிட்டதை எடுக்கவோ, கிட்டத்தில் படம் எடுத்துப் போடவோ வேண்டாம்.

மரங்களுக்கு அப்பால் ஆயர் மாளிகையின் எச்சம். பிரிட்டனின் பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி 1950களின் தொடக்கத்தில் இதை வாங்கிக் குடியிருந்தார், 1954இல் தீப்பிடித்துப் போனது. சுவர்கள் ஆபத்தான நிலையில் இருப்பவை, தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அயர்லாந்தில் தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். கீழே கிடக்கும் கல் துண்டையும் நினைவுக்காக எடுத்து வராதீர்கள்.

8. அப்புறம் எங்கே

சாப்பாட்டுக்கு ஷானன் பாலத்தைக் கடந்து பானஹருக்குப் போங்கள், கடைகளும் பப்களும் அங்கேதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், சூப் எந்தச் சாற்றில் செய்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் ஆற்றோரப் படகுத்துறையில் உட்கார இடம் இருக்கும். எழுத்தாளர் சார்லட் ப்ராண்டே 1854இல் திருமணமான கையோடு கணவருடன் வந்து தங்கிய ஊர் இது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மறுநாள் காலையில் குளோன்மக்நாய்ஸ் போகலாம். ஷானன் கரையிலேயே இருக்கும் இன்னொரு 6ஆம் நூற்றாண்டு மடம், உயரமான கற்சிலுவைகளும் வட்டக் கோபுரங்களும் கொண்டது. அங்கே டிக்கெட், கண்காட்சி அரங்கு, பேருந்துக் கூட்டம் எல்லாம் உண்டு. குளோன்ஃபர்ட்டை முதலிலும் அதைப் பிறகும் பார்ப்பதே என் பரிந்துரை. பெரிய இடத்தைப் பார்த்த களைப்போடு சின்ன இடத்துக்கு வந்தால் கண் நிற்காது.

டப்ளினுக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் காரை விடுவதானால் அதே எம்50 சுங்கத்தை மறுபடியும் கடப்பீர்கள். இரண்டு தடவைக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். சில வாடகை நிறுவனங்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், சில விட்டுவிடும். சாவி வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.